யார் அந்த மேலது?

நேற்று மத்தியானம் ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் இருந்த நூற்பட்டியலில், 'மே' வரிசையில், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மேலது' என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் பக்க எண் வேறு. அந்தப் பிள்ளை அடிக்குறிப்புகளில் கண்டதையெல்லாம் அள்ளி அகர வரிசையில் அடுக்கியிருக்கிறாள். மேலது என்று ஒருவர் ஏகப்பட்டது எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிட்டாள் போல. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என்ன ஏது என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் கைபேசியை எடுத்து உன் எண்ணைத் தொட்டுவிட்டேன். தொட்ட பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. என் கைபேசியில் நீ இன்னும் 'மேலது' என்றுதான் இருக்கிறாய்.

உனக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்கத்தான் போகிறேன். நீ பக்கத்தில் இருந்தால், "படிக்கிறவுகளுக்குப் புரிய வேணாமாடி" என்று என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருப்பாய். ஆய்வேட்டில் ஒரு செய்தியை யாரிடமிருந்து எடுத்தோம் என்று அடிக்குறிப்பில் பெயர் சொல்கிறோம். அடுத்த செய்தியும் அதே ஆளிடமிருந்துதான் என்றால், மறுபடி பெயர் எழுதச் சோம்பல்பட்டு 'மேலது' என்று போடுகிறோம். மேலே சொன்ன அதே ஆள் என்று அர்த்தம். அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நமக்கு அம்புட்டு வம்பும் வந்தது.

நீ வரலாற்றுத் துறை, நான் தமிழ்த் துறை. இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரு ஸ்டாஃப் ரூம், அதில் ஒரு மின்விசிறி. நீ வேலையில் சேரும்போதே முனைவர் பட்டத்தோடு வந்தவள். படித்த படிப்பை வகுப்போடு நிறுத்திக்கொள்ளாமல் எங்கள் வம்புப் பேச்சிலும் கொண்டுவந்து வைத்தாய். முதல்வர் அறையில் சண்டை நடந்ததாம் என்று யாராவது ஆரம்பித்தால், "யார் சொன்னா?" என்பாய். இன்னார் சொன்னார் என்றால், "அவுக நேர்ல பாத்தாகளா, பாத்தவுக சொல்லிக் கேட்டாகளா?" என்பாய். அதற்குள் வம்பு ஆறிப்போய்விடும். உருப்படியாக வம்பு பேச நினைத்தவர்கள் வேதியியல் துறைப் பக்கம் போய்விட்டார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் இதே கதைதான். முருங்கைக்கீரைப் பொரியல், செய்முறை என் அண்ணி, தேங்காயைத் தாராளமாகப் போட்டது மட்டும் நான் என்று சொல்லிவிட்டுத்தான் பரிமாறுவாய். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியாரிடம் இந்தப் பாவத்தை இன்னார் சொல்லிக் கொடுத்தார் என்று அதற்கும் மேற்கோள் காட்டுவாயா என்று கேட்டேன். கோபப்படுவாய் என்று நினைத்தேன். செத்த நேரம் யோசித்துவிட்டு, காட்டினால்தான் நியாயம் என்றாய்.

எனக்குச் சோதனை வந்தது நிர்வாகம் கூப்பிட்டு அனுப்பிய அன்றைக்கு. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். என் வேலை போனால் வீடு ஓடாது. நானோ ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டு, பாதியில் நிறுத்தி, தூசி தட்டி, மறுபடி பாதியில் நிறுத்தி வைத்திருந்தேன். தலைப்பு வேறு 'திண்டுக்கல் வட்டார வசைச்சொற்கள்'. இதுவரை யாரும் தொடாத தலைப்பு என்று நெறியாளர் பெருமையாகக் கொடுத்தார். அதைக் கேட்டதும் உனக்குக் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது நினைவிருக்கிறதா? யாரும் ஏன் தொடவில்லை என்பது களப்பணிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நம் ஊரில் வசவுக்கா பஞ்சம்? பேருந்து நிலையத்தில் செத்த நேரம் நின்றால் ஒரு இயலுக்குத் தேறும். ஆனால் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் போதும், அத்தனை பேரும் உத்தமர்களாகிவிடுகிறார்கள். படிக்கட்டில் தொங்கியவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்த நடத்துனர், என் கையைப் பார்த்ததும், "அன்பார்ந்த பயணிகள் உள்ள வரணும்" என்றார். வெங்காயப் பேட்டையில் எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் அங்கே வசவுக்கே மரியாதை. "ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூறு இருக்குதுங்களா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டதுதான் அன்றைக்கு நான் கேட்ட உச்சகட்ட வசவு. அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்தது, குறிப்பட்டை நிரம்பவில்லை.

நிரம்பியது வீட்டில்தான். என் மாமியார் வாயைத் திறந்தால் எனக்கு ஒரு பக்கம் தேறியது. அவருக்குச் சொந்த ஊர் வடமதுரை. பால் பொங்கி வழிந்தால் ஒன்று, வெஞ்சனத்தில் உப்பு கூடினால் ஒன்று, மகன் தாமதமாக வந்தால் அதற்கும் என்னைப் பிடித்து ஒன்று. கூறுகெட்டவளே, போக்கத்தவளே என்பதெல்லாம் காலைக் காபிக்கு முன்னால். 'வெறுவாக்கலங்கெட்டவளே' என்று ஒரு சொல் வைத்திருந்தார். கைக்கு வந்ததையும் தவறவிடுகிறவளை வைவது அது. மற்ற வீட்டு மருமகள்கள் வசவு வாங்கினால் மூலையில் போய் அழுவார்கள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எழுதிக்கொள்வேன். இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் இயல் முழுக்க மாமியார் தயவில் எழுதி முடித்தேன். பெயரை மட்டும் போடவில்லை. 'பெயர் வெளியிட விரும்பாத தகவலாளர், வடமதுரை' என்று எழுதி உன்னிடம் படிக்கக் கொடுத்தேன். நீ ஒரு கையில் வடையும் ஒரு கையில் தாளுமாக முதல் பக்கம்தான் புரட்டினாய்.

"யார் சொன்னா?"

"அதான் போட்டுருக்கே, பெயர் வெளியிட விரும்பாதவர்."

"அவுக விரும்பலையா, நீ கேக்கலையா?"

நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு ஆள் யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தகவலாளர் பட்டியலில் மாமியார் பேரைப் போட்டுவிட்டு எந்த வீட்டில் போய்ச் சோறு தின்பது என்று நான் புலம்பினேன். நீ மசியவில்லை.

"சொன்னவுக பேர் இல்லைன்னா அது உன் சொல்லுன்னு ஆயிரும்டி. இம்புட்டு வசவும் நீ வஞ்சதுன்னு ஆகிப்போகும். சம்மதமா?"

சம்மதமில்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீயே என் வீட்டுக்கு வந்தாய். மாமியார் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உன்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், உன் பெயர் அவருக்குத் தெரியாது. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய். அவர் பேச்சு புத்தகமாகப் போகிறது, அதில் அவர் பெயரைப் போட வேண்டும், அதற்கு அவர் சம்மதம் வேண்டும் என்று பதமாக எடுத்துச் சொன்னாய். நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டு, இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று காத்திருந்தேன். மாமியாருக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம், இனிஷியல் என்ன போடுவீர்கள் என்று. வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்தைப் போடலாமா என்று கேட்டாய்.

"அவுகளுக்கு வையவே தெரியாது டீச்சர், வாயில்லாத மனுசன். இதெல்லாம் எங்கப்பன் வீட்டுல கத்தது. அவர் எழுத்தைப் போடுங்க."

மேற்கோள் விதியை ஒரே வீச்சில் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று நீ தெருமுனை வரைக்கும் சிலாகித்துக்கொண்டே போனாய். ஆக, மூன்றாம் இயலின் முதல் அடிக்குறிப்பில் 'வீ. பொன்னுத்தாயி, வடமதுரை' என்று கம்பீரமாக ஏறியது. அடுத்த குறிப்பிலிருந்து மேலது, மேலது, மேலது என்று பக்கம் பக்கமாக ஓடியது. விதி அதுதானே? நீயும் பார்த்தாய், சரி என்றாய். ஆய்வேட்டைக் கட்டி ஒப்படைத்தோம். எங்கிருந்தாவது திருடி எழுதியிருக்கிறாளா என்று கணினியில் போட்டுத் தேடினார்கள். மூன்றாம் இயலில் ஒரு வரிகூட எதனோடும் ஒத்துப்போகவில்லையாம். என் மாமியார் வைவது போல இந்த உலகத்தில் வேறு யாரும் வைததில்லை என்று மென்பொருளே சான்று கொடுத்துவிட்டது.

வினை வந்தது வீட்டுப் பிரதியில். ஒரு கல்யாணத்துக்காக நான் சின்னாளபட்டி போயிருந்த அன்று, மாமியார் மகனைக் கூப்பிட்டுத் தன் பெயர் வந்திருக்கும் இடத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இவர் பாட்டுக்குப் பொன்னுத்தாயி, அப்புறம் மேலது, மேலது, மேலது என்று படித்துக்கொண்டே போயிருக்கிறார்.

"ஏலே, யாருடா அந்த மேலது?"

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, தெரியாது என்று ஒரு சொல் அவர் வாயில் வராது. "இவ கூட வேலை பாக்குற டீச்சரா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டிருக்கிறார். மாமியார் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க அவர் என்னை ஒரு சொல்கூட வையவில்லை. எனக்கு ஒரே பயம். உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். வாய்மொழித் தேர்வுக்குத் தானும் வருவதாகச் சொன்னபோது, பாசம் என்று நினைத்து உன்னிடம் வந்து கண் கலங்கினேன். எனக்குக் கூறு கெட்டுத்தான் போயிருந்தது.

தேர்வு அன்றைக்குக் கருத்தரங்க அறை நிரம்பியிருந்தது. வசவு பற்றி என்றதும் கணிதத் துறைக்காரர்கள்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ இரண்டாவது வரிசையில் இருந்தாய். மாமியார் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு உனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சிரிக்காத மனிதர். மூன்றாம் இயலுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். இயல் முழுக்க ஒரே தகவலாளர், அவரும் உங்கள் வீட்டு ஆள், ஒலிப்பதிவும் கிடையாது. இந்தச் சொற்கள் மக்கள் வழக்கில் இருப்பவை, நீங்களே மேசையில் உட்கார்ந்து உண்டாக்கியவை அல்ல என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். வைகிறபோது கருவியை நீட்ட முடியாது ஐயா என்று சொல்ல நினைத்தேன். இந்த இயல் போனால் ஆய்வேடு போகும், ஆய்வேடு போனால் வேலை போகும். நெறியாளர் மேற்கூரையைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகமும் வெளிறியிருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து மாமியார் எழுந்தார். தானும் ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நெறியாளர் சந்தோஷமாகச் சொல்லித் தொலைத்தார்.

"யாருங்கய்யா அந்த மேலது? வஞ்சது பூராவும் நானு. ஒரே ஒரு எடத்துல எம்பேரைப் போட்டுட்டு, மிச்சம் அம்புட்டையும் அவ பேருல எழுதி வச்சிருக்காக. இது நாயமா?"

மாமியார் உன் பக்கம் கையை நீட்டினார். வீடு தேடி வந்து, வெங்காயம் உரித்து, காபித்தண்ணி குடித்து, இதற்காகத்தான் என்று தெரியாமல் போய்விட்டதே என்று சபைக்கே முறையிட்டார். உன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அடுத்தவர் சொல்லை எடுத்தாள்வதில் அம்புட்டுக் கறாரான உன்னை, ஊர் நடுவில் நிறுத்தி வசவுத் திருடி என்று சொல்லிவிட்டார்.

நீ எழுந்தாய். "அம்மா, நான் மேலது இல்ல. மேலதுன்னா மேல சொன்ன அதே ஆளு. மேல உங்க பேரு இருக்கா? அப்ப கீழ வார மேலது பூராவும் நீங்கதான்."

"அப்ப எம்பேரையே போட வேண்டியதுதான? காகிதம் பத்தாமப் போச்சா?"

நான் பார்த்து நீ பதில் இல்லாமல் நின்றது அந்த ஒரு தரம்தான். மாமியார் அதோடு விடவில்லை. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் என் பக்கம் திருப்பினார். கூறுகெட்டவளே என்று தொடங்கி, போக்கத்தவளே வழியாக, வெறுவாக்கலங்கெட்டவளே வரைக்கும் மூச்சு விடாமல் வந்தது. தேர்வாளர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாம் இயலைப் புரட்டினார். ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். இடையில் ஆய்வேட்டில் இல்லாத ஒரு சொல் வந்து விழுந்தது. அதை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டார். அதெல்லாம் சபையில் திரும்பச் சொல்லக் கூடாதுங்கய்யா என்று மாமியார் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தகவலாளர் குறித்த ஐயம் நேரில் தீர்ந்தது என்று தேர்வாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருத்தம் ஒன்றே ஒன்று: மூன்றாம் இயலில் உள்ள எல்லா மேலதையும் எடுத்துவிட்டு முழுப் பெயரைப் போட வேண்டும். வழக்கத்துக்கு மாறானதுதான், ஆனால் அந்த அம்மாவின் ஆட்சேபம் நியாயமானது என்றார். கடைசியில் சிரித்துவிட்டார். என் வேலை தப்பித்தது.

அன்று சாயங்காலமே பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டிடிபி கடைக்குப் போனோம். கடைக்காரர் கெட்டிக்காரர். ஒவ்வொன்றாக மாற்றுவானேன் என்று ஒரே தட்டில் ஆய்வேடு முழுக்க மாற்றிவிட்டார். நீ கடைசிப் பக்கம் வரைக்கும் உட்கார்ந்து படித்ததால் பிழைத்தோம். முதல் இயலில் வெளிநாட்டு மொழியியல் அறிஞர்களின் கோட்பாடெல்லாம் 'வீ. பொன்னுத்தாயி, வடமதுரை' சொன்னதாக மாறியிருந்தது. ஒன்றிரண்டை அப்படியே விட்டுவிடுவோம், அவர் சொல்லக்கூடியவர்தான் என்றேன். நீ முறைத்தாய். பிறகு உன்னாலும் அடக்க முடியவில்லை. கடைக்காரர் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நன்றியுரையில் உன் பெயரைப் போடப் போனேன். கூடாது என்றாய்.

"நான் என்னடி சொன்னேன்? கேட்டேன், அம்புட்டுத்தான். கேள்வி கேட்டவ பேரை எந்தப் பட்டியல்லயும் போடுறதில்ல."

போட்டால் பேச மாட்டேன் என்றும் சொன்னாய். சொன்னதைச் செய்கிற ஆள் நீ. நான் போடவில்லை. ஆனால் மாமியார் உனக்குப் பெயர் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நீ 'மேலது'. மேலது வரலையா, மேலதுக்கு ரெண்டு பணியாரம் எடுத்து வை, மேலதுகிட்டக் கேளு, அவ சொன்னா சரியா இருக்கும். முதலில் நீ திருத்திப் பார்த்தாய். பிறகு அந்தப் பெயருக்கே ஓய் என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டாய்.

போன தவக்காலத்தில் நெஞ்சு கரிக்கிறது என்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. ஸ்டாஃப் ரூமில் செய்தி வந்ததும், யார் சொன்னா, நேர்ல பாத்தாகளா என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. நேரில் பார்த்தவர்கள் சொல்லித்தான் கேட்டேன்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடையில் ஏறிய ஒவ்வொருவரும் அம்மையார் அடிக்கடி சொல்வார் என்று ஆரம்பித்து, நீ வாழ்நாளில் சொல்லாததையெல்லாம் சொன்னார்கள். முதல் மணி நேரத்துக்கு என்றைக்கும் நேரத்தில் வராத உன் வாயில் நேரந்தவறாமை பற்றி ஒரு பொன்மொழியைத் திணித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் குனிந்து, "இதெல்லாம் நம்ம மேலதா சொன்னா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்ன ஏன் அவ பேருல போடுறாக?" என்றார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நான் விக்கி விக்கி அழுவதாக நினைத்து யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். சிரிப்பில் ஆரம்பித்தது உண்மையிலேயே அழுகையாகத்தான் முடிந்தது.

அதனால் சொல்லிவிடுகிறேன். இந்த மடலில் நீ சொன்னதாக எழுதியிருப்பதெல்லாம் நான் என் காதால் கேட்டவை. உன்னைப் போலவே இப்போது நானும் யார் சொன்னா என்று கேட்டு எல்லோருடைய வாயையும் கட்டிப்போடுகிறேன். வேதியியல் துறையில் கூட்டம் நிரம்பி வழிகிறதாம்.

இன்று காலை அந்த மாணவி வந்தாள். சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "எடுத்துரவா மேம்?" என்றாள். எடுத்துரும்மா, அந்தப் பெயர் பட்டியல்ல வராது என்றேன். அவள் வேறு தாள் அச்செடுத்து வந்தாள். பழைய தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமியார் அது என்ன காகிதம் என்றார். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். உரக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை தெரியாமல் புத்தகம் எழுதியவர்கள் பட்டியலில் மேலது என்று போட்டுவிட்டாள் என்றேன். தாளை வாங்கி எந்த இடம் என்று கேட்டார். விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை இரண்டு தரம் தடவினார்.

"அந்தப் புள்ளையாச்சும் அவ பேரைப் போட்டுச்சே. நீ இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு?"

என்னால் முடியவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே வைதார்.

"வெறுவாக்கலங்கெட்டவளே, அழாதடி."

சொன்னவர்: வீ. பொன்னுத்தாயி, வடமதுரை. முழுப் பெயரும் போட்டிருக்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள்.